இன்று என்ன தேதி

வேதாளை தாண்டி, சவுக்குத் தோப்புக்குப் பின்னால்
மஞ்சள் சுண்ணாம்பு அடித்த விடுதி.
கேட்டுக்கு உள்ளே மூன்று வெள்ளாடுகள்,
மூன்றும் சங்கிலியில்.
ஆட்டைக் கட்ட எவ்வளவு பருமன் போதும் என்று
எனக்குத் தெரியும், ஆடு வளர்த்த வீடுதான் எங்களுடையதும்.
இதில் பித்தளைப் பூட்டு வேறு.

காப்பாளர் சிரித்தார்.
"இப்பல்லாம் யாரையும் கட்டுறதில்லீங்க."
சட்ட உதவி மையத்தின் நோட்டில் எழுதிக்கொண்டேன்:
ஆடு மூன்று. பூட்டு மூன்று.
உள்ளே போனால்
கணுக்கால்கள். எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

பெண்கள் கூடத்தில் எல்லோருக்கும் ஒரே அளவு நைட்டி,
எல்லோருக்கும் மொட்டை. பேனுக்காக என்றார்கள்.
முக்காட்டுத் துணி கேட்டுக் கேட்டு அலுத்துப்போன செய்னம்பு
தலையணை உறையைக் கவிழ்த்துப் போட்டிருந்தாள்.
என்னைப் பார்த்ததும்
அதைச் சரிசெய்துகொண்டாள்.

பதிவேட்டில் நம்புவள்ளி ஒரு வரி.
வயது முப்பத்தெட்டு. சேர்த்தவர் கொழுந்தன்.
கொண்டுவந்தவை: நீச்சல் கண்ணாடி ஒன்று,
காலில் கட்டும் தகரத் தட்டு இரண்டு.
கரையேறிய ஈரத்தோடு வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள்.
சம்மதம் என்ற கட்டத்தில் ஒரு கைநாட்டு,
ரேகை ரேகையாய், அவ்வளவு தெளிவாக.
அவள் கையை வாங்கிப் பார்த்தேன்.
இருபது வருஷம் பாறையில் பாசி பிடுங்கிய பெருவிரல்.
ரேஷன் கடை மெஷினே ஒப்புக்கொள்ளாத விரல்.

அடுத்த பக்கம் டாக்டர் எழுதியது.
எப்போதாவது வருகிறவர்.
இன்று என்ன தேதி என்று கேட்டிருக்கிறார்.
எட்டாம் நாள் என்றிருக்கிறாள்.
காலண்டரில் அன்று இருபத்து மூன்று.
'கால உணர்வு இல்லை. தொடர்ந்து இங்கேயே வைத்திருக்கலாம்.'

நானும் அதையே கேட்டேன், வேறென்ன கேட்பது என்று தெரியாமல்.
ஜன்னல் பக்கம் திரும்பினாள்.
ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள்,
மேலே ஒரு சாண் விட்டு.
"இன்னைக்கும் எட்டுத்தான். தண்ணி வத்தாது.
பாசிக்கு ஒருத்தியும் போயிருக்க மாட்டா."
வரும் வழியில் பார்த்தேன்,
கரையில் வத்தைகள் சும்மா கிடந்ததை.
போனை எடுத்துத் தேடினேன்: வளர்பிறை அட்டமி.
டாக்டரின் இருபத்து மூன்றையும் தேடினேன்.
அதுவும் அட்டமி.

"எனக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்லலை," என்றாள்.
"மூணு ராத்திரி கத்துனேன். கடலுக்கடியில யாரோ கூப்பிட்டாக.
இப்பவும் சில நாள் கூப்பிடுறாக.
மாத்திரை குடு, முழுங்குறேன்.
அதுக்கு ஏன் கதவை வெளியில பூட்டணும்?"
காப்பாளர் எனக்குப் பதிலாக ஏதோ சொல்ல வந்தார்.
அவரைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொன்னேன்.
போகும்போது பழக்கத்தில்
கதவைச் சாத்திப் பூட்டிவிட்டுப் போனார்.

கால் மணி நேரம்.
நான், நம்புவள்ளி, செய்னம்பு, பெயர் சொல்லாத ஒன்பது பேர்.
தட்டலாம் என்று எழுந்தேன்.
"தட்டாத, கோவிச்சுக்குவாக," என்றாள் செய்னம்பு.
தட்டவில்லை.
அந்தக் கால் மணி நேரத்தை
எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று
இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

பிறகு தரையில் உட்கார்ந்து மனு எழுதினோம்.
அவள் சொல்லச் சொல்ல நான் எழுத,
எழுதியதைத் திரும்ப வாசிக்கச் சொல்லி
இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தினாள்.
கண்ணாடியைத் திருப்பித் தர வேண்டும் என்பதை
முதல் கோரிக்கையாக மாற்றினாள்.
விடுதலை இரண்டாவது.

"ராம்நாட்டுல விசாரணை. வாரியம் உக்காருது," என்றேன்.
"வர்ற புதன். உங்களையே நேர்ல கேப்பாங்க."
விரல் மடக்கினாள்.
எட்டு, ஒன்பது, பத்து என்று பவுர்ணமி வரை போய்
அங்கே நின்றது விரல்.
"புதன் ஆகாது," என்றாள். "அன்னைக்கு நல்லா வத்தும்.
தீவுப் பக்கம் பாசிக்குப் போற நாள்."

பேனாவை மறுபடி திறந்தேன்.
மனுதாரருக்கு அன்று வேலை இருப்பதால்
வேறு தேதி தரும்படி
கேட்டுக்கொள்ளப்படுகிறது.